இருபத்தாறு சிறுவர்களின் பட்டியல்

1972ஆம் ஆண்டு கோபாலபுரத்திலிருந்து தில்லிக்குப் போன பட்டியலில் இருபத்தாறு சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் சிறுமிகள். நான்கு தாய்மாருக்கு அவரவர் வீட்டுப் பொய் மட்டும் தெரியும்; இன்னொரு தாய்க்கு அதுவும் தெரியாது. ஆறையும் அறிந்தவள், மிச்சமிருந்த தாயும் பட்டியலைத் தன் கையால் எழுதியவளுமான தங்கபுஷ்பம்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உடன்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் சண்முகவேலுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. கடைக்கு மேல்மாடியில் வீடு. மூத்தவள் ஜெயபாரதிக்குப் பத்தொன்பது முடிந்து வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின் வெகுகாலம் கழித்துப் பிறந்த சீதாவுக்கு ஒன்பது வயது.

சீதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பசிக்கிறது என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து கீழே கடையாட்கள் பேசுவதைக் கேட்டு, "வேற என்ன பாக்குதீய அக்கா, புது சரக்கு வந்திருக்கு" என்று அதே ராகத்தில் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாள். சேலைக் கரையிலிருந்து நூலை உருவி எடுத்து, சிவப்பு தனியாக, அரக்கு தனியாக, அரக்கிலேயே இரண்டு வகை தனித்தனியாகத் தரையில் நீட்டி வைப்பாள். ஒரு நூல் இடம் மாறினால் வீடு இரண்டுபடும். ஒரு டாக்டர் காது கேட்கவில்லை என்றார். இன்னொருவர் மூளை வளரவில்லை என்றார். மூன்றாமவர், அடுத்து ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

1970இல், ஒரு சனிக்கிழமைப் பத்திரிகையில் நான்கு வரி அறிவிப்பு வந்தது. கல்லூரியில் மனோதத்துவம் கற்பிக்கும் ஷகீலா என்பவர், கோபாலபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியின் பின்னறையில், தனக்குள்ளேயே வாழும் குழந்தைகளைப் பற்றிப் பேசுவார். தங்கபுஷ்பம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஷகீலாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிறுபிள்ளைகளுக்கான குட்டி நாற்காலி ஒன்றில் கால் மடக்கி உட்கார்ந்து, ஆட்டிசம் என்ற சொல்லை விளக்கினாள். அவள் சொல்லச் சொல்ல, யாரோ தன் வீட்டு மாடிப்படியில் பல நாள் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல் தங்கபுஷ்பத்துக்கு இருந்தது.

பேச்சு முடிந்ததும் ஷகீலா ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டாள்.

"உங்களுக்கு மகனா, மகளா அக்கா?"

பக்கத்து நாற்காலியில், தீபாவளிக்குத் தவறாமல் கடைக்கு வரும் பாண்டி பஜார் அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தன் தங்கை மகனுக்காக வந்தவள். சண்முகவேலுக்கு மகன் இல்லை என்பது அவளுக்குத் தெரியுமா என்று தங்கபுஷ்பம் ஒரு கணம் யோசித்தாள். தெரியாது என்று பட்டது.

"மகன்" என்றாள்.

இதைத் திட்டமிட்ட பொய் என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டிய முதல் துணியை எடுத்து உடம்பை மூடிக்கொள்வது போன்றதுதான். ஆனால் அப்படி எடுத்த துணியைப் பிறகு எல்லார் முன்னாலும் அவிழ்க்க முடிவதில்லை.

*

அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் மறுபடி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்று ஒரு சங்கம் உருவாயிற்று. ஷகீலா தலைவர், சமையலுக்கு ஆள் வைத்திருந்ததால் பகலில் வெளியே வர முடிந்த தங்கபுஷ்பம் செயலாளர். பிள்ளைகளை யாரும் அழைத்து வருவதில்லை. அவர்களை ஒரு தரம் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர்கள் மறு தரம் துணிய மாட்டார்கள்.

தில்லியில் அந்தச் சமயம் ஒரு குழு, ஊனமுற்ற குழந்தைகளை வகை பிரித்துக்கொண்டிருந்தது. பார்வையில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், மூளை வளர்ச்சி குன்றியவர் என்று நான்கு வகை. ஷகீலா ஐந்தாவது ஒன்று வேண்டும் என்று எழுதினாள். இது பணக்கார நாட்டு வியாதி, இந்தியாவில் இருப்பதற்குச் சான்று உண்டா என்று பதில் வந்தது.

"நாம கொடுப்போம்" என்றாள் ஷகீலா.

சான்று என்றால் குழந்தை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். தாய்மார்களைக் கேட்டால், "ஒரே அடம் டீச்சர்", "சொன்னா கேக்க மாட்டான்", "எங்க தலையெழுத்து" என்பதற்கு மேல் வரவில்லை. அங்கேதான் தங்கபுஷ்பத்தின் கடை அனுபவம் கைகொடுத்தது. மத்தியானத்தில் கணவர் சாப்பிட மேலே வரும்போது பெண்கள் பகுதியைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அவள்.

"என்ன வேணும்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது டீச்சர்" என்றாள். "யாருக்கு எடுக்கிய, என்ன விசேஷம், போன தடவ எடுத்ததுல எது பிடிக்கலன்னு கேட்டாத்தான் விஷயம் வெளிய வரும்."

அப்படி இருபது கேள்விகளை அவளே எழுதினாள். வேண்டியதைக் கேட்பதற்குப் பதிலாக உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைக்குமா? கேட்ட வார்த்தையை அதே ராகத்தில் திருப்பிச் சொல்லுமா? எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும்? வைத்த இடத்திலிருந்து எதை நகர்த்தினால் அழும்? தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நிற்கவில்லை. ஷகீலா அந்தக் கேள்விகளைப் படித்துவிட்டு, "அக்கா, புஸ்தகத்துலகூட இவ்வளவு தெளிவா இல்லை. உங்க பையனை எப்படிக் கவனிச்சிருக்கீங்க!" என்றாள்.

இருபதும் சீதாவிடமிருந்து வந்தவைதான். ஏழாவது கேள்வியில் மட்டும் தங்கபுஷ்பத்தின் பேனா நின்றது. சேலைக் கரையிலிருந்து நூல் உருவுவதை எழுதினால், பையன் என்றதை யார் நம்புவார்கள்? சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பானா என்று எழுதினாள். பிறகு மற்றப் பத்தொன்பதிலும் 'செய்யுமா' என்றிருந்ததை 'செய்வானா' என்று திருத்தினாள். கோலி, விசில், பஸ், பம்பரம் என்று உதாரணங்களும் அதற்கேற்ப மாறின.

பெயர்கள் வெளியே தெரிந்துவிடுமே என்று ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

"பேரை மாத்தி எழுதிக்கலாம். ஆராய்ச்சியில அது வழக்கம்தான்" என்று ஷகீலா சொன்னாள். "மத்த விவரம் சரியா இருந்தாப் போதும்."

அவள் கல்லூரிக்குக் கிளம்பிப் போன பிறகு, மாட வீதியிலிருந்து வரும் ஒரு மாமி தங்கபுஷ்பத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பேரை மாத்தலாம்னு சொல்லிட்டா. அப்போ பையன்னு போட்டுண்டா என்ன கொறஞ்சு போறது? ஆத்துல இன்னும் ரெண்டு பொண் கல்யாணத்துக்கு நிக்கறது. பையனுக்கு இப்படின்னா அவன் கர்மம்பா. பொண்ணுக்கு இப்படின்னா, அக்கா தங்கைக்கும் வயத்துல இதே பொறக்கும்பா."

தங்கபுஷ்பத்துக்கு மூச்சு இலகுவாக வந்தது. தான் தனியாக இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீய மாமி. நான் எழுதிக்கிடுதேன்" என்றாள்.

வீடு வீடாகப் போய்த் தாள் நிரப்புவது அவள் பொறுப்பு. இரண்டு வருஷத்தில் மயிலாப்பூர், அடையாறு, ஆதம்பாக்கம் வரை பஸ்ஸிலும் காலாலும் போனாள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருபத்தாறு பேர் கிடைத்தார்கள். பெண் குழந்தை இருந்த வீடுகளில் அவளே மெல்லிய குரலில் வழி சொன்னாள். நான்கு தாய்மார்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாவதாகத் தன் மகளைச் சீதாராமன் என்று எழுதினாள்.

ஆறாவது, நொச்சிக்குப்பத்துப் பச்சையம்மா. ராயப்பேட்டையில் ஷகீலாவின் வீட்டுக்கு மீன் கொடுப்பவள். 'எம் புள்ள' என்று மட்டும் ஷகீலாவிடம் சொல்லி, அந்த வழியில் சங்கத்துக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது.

"பொண்ணு பேரு அங்காளம்மாள். ஆறு வயசு. இன்னா கேக்கணுமோ கேளு, யக்கா" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"பேரை மாத்தி எழுதலாம் பச்சை. நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா இன்னா? குப்பம் மொத்தத்துக்கும் தெரியும். காத்தால கடலண்ட ஓடிப்போறாள்ல, இஸ்துக்கினு வர்றது யாரு, நானா? வலை இழுக்கிற பசங்கதான் தூக்கியாந்து வுடுது."

தங்கபுஷ்பம் தாளை எழுதி முடித்துப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து எல்லாத் தாள்களையும் பார்த்தபோது பயம் பிடித்தது. இருபத்தைந்து பையன், ஒரு பெண். அந்த ஒரு பெண்ணே போதுமே, மற்ற வீடுகளில் பெண் இல்லையா என்று ஷகீலாவைக் கேட்க வைக்க. அங்காளம்மாள் என்பதை அங்கமுத்து என்றும், பெண் என்பதை ஆண் என்றும் திருத்தினாள். பச்சையம்மாவுக்கும் இதுதான் நல்லது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கு நல்லது செய்கிறவர்கள், பெரும்பாலும் தங்களுக்கு வேண்டியதைத்தான் செய்துகொள்கிறார்கள்.

*

ஜெயபாரதியை 1973 ஆவணியில் தூத்துக்குடியில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னதாக இரண்டு தரம் வந்து விசாரித்தார்கள். சின்னப் பெண்ணுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும் என்று சண்முகவேல் சொல்லிவைத்தார். கல்யாணத்தின் மூன்று நாளும் சீதா ஆதம்பாக்கத்தில், கடையாள் ஒருவர் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் கன்றிய தடம் இருந்தது. தங்கபுஷ்பம் தேங்காய் எண்ணெய் தடவினாள், ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருஷம் தில்லியிலிருந்து அறிக்கை அச்சாகி வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஷகீலா நின்றுகொண்டே படித்தாள். ஐந்தாவது வகையை ஏற்றுக்கொண்டார்கள். மதராஸ் சங்கத்தின் இருபது கேள்விகளையும் ஆறு நகரங்களில் கையாளப் போகிறார்கள். சோதனை முயற்சியாக முதல் பயிற்சி மையம் அடையாறில். பட்டியலில் உள்ள இருபத்தாறு பேருக்கும் முதல் இடம். சேரும்போது பதின்மூன்று வயது நிறைந்திருக்கக் கூடாது.

"இன்னொண்ணு அக்கா. வெளிநாட்டுல அஞ்சுல ஒண்ணு பொண்ணுன்னு எழுதறாங்க. நம்ம கணக்குல ஒண்ணுகூட இல்லை. மதராஸ்ல இது சிறுவர்களிடம் மட்டுமே காணப்படுகிறதுன்னு அறிக்கையிலயே போட்டிருக்கு. ஒரு பெரிய புரொபசர் இதை வச்சே ஒரு கட்டுரை எழுதறார். எங்கேயும் இல்லாத புதுச் சங்கதி!"

ஒரு மனோதத்துவ ஆசிரியைக்கு அங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. தான் தேடிய பதிலைவிடப் பெரிய பதில் கையில் கிடைத்தவர்கள் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

தாய்மார்கள் கை தட்டினார்கள். மாட வீதி மாமி தட்டவில்லை. தங்கபுஷ்பம் தட்டினாள், செயலாளர் தட்டாமல் இருக்க முடியுமா? மையம் சிறுவர்களுக்கு மட்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒரே கூடம், ஒரே குளியலறை, உதவியாளர்கள் ஆண்கள்.

1975 ஜூனில் கடிதங்கள் வந்தன. 'செல்வன் சீதாராமனின் பெற்றோருக்கு' என்று எழுதியிருந்த உறையைச் சண்முகவேல் கடையிலிருந்து மேலே கொண்டுவந்து, ஊஞ்சல் பலகையில் வைத்தார். சீதாவுக்குப் பன்னிரண்டரை வயது. வருகிற தை மாதம் பதின்மூன்று நிறையும். நாடு முழுவதிலும் அவளைப் போன்றவர்களுக்கென்று திறந்திருந்த ஒரே கதவு, அவளே உதாரணமாக இருந்து திறக்க வைத்த கதவு, ஏழு மாதத்தில் அவளுக்கு மூடிவிடும்.

அடுத்த நாள் பச்சையம்மா மாடிப்படி ஏறி வந்தாள். முதல் முறையாக வீட்டுக்கு வருகிறாள்.

"இன்னாக்கா இது? அங்கமுத்துன்னு லெட்டர் வந்துகீது. தபால்காரர் குப்பம் பூரா கேட்டுக்கினு போறாரு, அங்கமுத்து யாரு, அங்கமுத்து யாருன்னு. எங்க வூட்ல அங்கமுத்துன்னு எவன் கீறான்?"

தங்கபுஷ்பம் பதில் சொல்ல வாயெடுக்கும்போது, உள்ளேயிருந்து சீதா வந்து பச்சையம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்து அதன் கரையை முகர்ந்தாள். "வேற என்ன பாக்குதீய அக்கா" என்றாள். பச்சையம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள்.

"இதானா உன் புள்ள? சீதாராமன்?"

"பச்சை, மெதுவா பேசு. கீழ கடையில ஆளுவ இருக்காவ."

"நீ உன் பொண்ண மறைச்சுக்கோ, அது உன் பாடு. எம் பொண்ண இன்னாத்துக்குடி மறைச்சே? நான் கேட்டேனா உன்னாண்ட?"

'டி' என்று சொல்லிவிட்டதை இருவரும் கவனித்தார்கள். பச்சையம்மா திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

*

தங்கபுஷ்பம் அன்றே கோபாலபுரம் போய் ஷகீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஷகீலா அறிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேர்?"

"ஆறு."

"இருபத்தாறுல ஆறு. வெளிநாட்டுல என்ன உண்டோ, ஏறக்குறைய அதேதான் இங்கேயும்." சிரிக்க முயன்று முடியாமல் போயிற்று. "உண்மையை எழுதியிருந்தா அதுவே போதும் அக்கா. வேற ஒண்ணுமே வேண்டாம்."

"இப்பவும் எழுதலாமே டீச்சர். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். தப்பு என்னோடதுன்னு எழுதுங்க. சீதாவுக்கு ஏழு மாசம்தான் இருக்கு."

"யாருக்கு எழுதறது? இது தாய்மார்கள் கட்டிவிட்ட கதைன்னு சொன்ன மூணு பேர் அந்தக் குழுவுலயே இன்னும் உக்காந்திருக்காங்க. ஆறு பேரை மாத்தி எழுதினோம்னு தெரிஞ்சா மத்த இருபதையும் நம்புவாங்களா? ஆயிரம் பேர் பட்டியல்ல ஆறு தப்புன்னா விட்டுடுவாங்க. நாம சின்ன சங்கம். நம்ம கையில இருந்தது இந்த இருபத்தாறு மட்டும்தான்." சற்று நிறுத்தினாள். "மையத்தையே மூடிடுவாங்க. இருபது பசங்களும் வீட்டுக்குத் திரும்பணும்."

"அப்போ இந்த ஆறும்?"

ஷகீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெற்றோர் விரும்பவில்லைன்னு ஆறு கடிதம் எழுதிடுங்க."

தங்கபுஷ்பம் ஐந்து கடிதங்கள் எழுதினாள். ஷகீலா சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் கொடுமை. நெருக்கடி நிலை அறிவித்த அந்த வருஷம் சர்க்கார் அதிகாரி என்றாலே எல்லாருக்கும் வழக்கத்துக்கு மேல் ஒரு பயம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது கடிதத்துக்குப் பச்சையம்மா ரேகை வைக்கவில்லை. பதிலாக, மகளின் முடியை ஒட்ட வெட்டி, அரை நிக்கரும் சட்டையும் போட்டு, அங்கமுத்துவாக அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள்.

"பேர நீ மாத்துனே. முடிய நான் மாத்திட்டேன். இப்ப கணக்கு சரியாப்போச்சு" என்றாள், வழியில் பார்த்தபோது. "சேர்க்கும்போது எவன் அவுத்துப் பாக்கப் போறான்? ஒம்போது வயசு. ஒண்ணுக்குப் போறதுக்கு நானே பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் மீன் கூடையோட போய் நிக்கிறேன். அம்மாவாண்டதான் போவும் சார்னு சொல்லி வச்சுகீறேன்."

நான்கு மாதம் அப்படி ஓடியது. செயலாளர் என்ற முறையில் தங்கபுஷ்பம் மாதம் ஒரு நாள் மையத்தைப் பார்வையிடப் போவாள். முதல் மாதம் அங்காளம்மாள் மூலையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாதம் தட்டிலிருந்து தன் கையால் சோறு எடுத்தாள். மூன்றாவது மாதம் குடத்தைக் காட்டி "தண்ணி" என்றாள். யாராவது முதலில் சொல்லி, அதைத் திருப்பிச் சொன்ன வார்த்தை அல்ல அது. தங்கபுஷ்பம் பார்வையாளர் புத்தகத்தில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, ரங்கநாதன் தெருவுக்குத் திரும்பி, நூல்களை அடுக்கிக்கொண்டிருக்கும் தன் மகளுக்குச் சோறு ஊட்டினாள்.

அக்டோபர் மழையில் மையத்தின் முற்றம் நிறைந்தது. பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். உதவியாளர் ஒருவர் எல்லாருக்கும் ஈரச் சட்டையும் நிக்கரும் கழற்றித் துண்டால் துவட்டினார். அன்று அந்த மழையில் பச்சையம்மாவால் பத்து மணிக்குப் போக முடியவில்லை.

*

விசாரணைக்கு வந்த அதிகாரி தனபாலன் கடுமையானவர் அல்ல. மேசையில் 1972ஆம் வருஷத் தாளை விரித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் ஷகீலா. எதிரே பச்சையம்மா, மடியில் மகளை இடுக்கிக்கொண்டு. அங்காளம்மாள் மேசை விளிம்பைத் தட்டித் தட்டி "தண்ணி, தண்ணி" என்றாள். யாரும் கொடுக்கவில்லை.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று தனபாலன் தங்கபுஷ்பத்திடம் கேட்டார்.

"ஆமாம்."

"ஆண்னு போட்டிருக்கீங்க. நேர்ல பார்த்துதானே எழுதினீங்க?"

அவர் கேட்டது ஒரு தாளைப் பற்றித்தான். அதற்கு உண்மை சொன்னால், அடுத்தது மற்றத் தாள்களைக் கேட்பார். தூத்துக்குடியில் ஜெயபாரதிக்கு ஐந்தாம் மாதம். போன வாரம்தான் சம்பந்தியம்மாள், உங்கள் குடும்பத்தில் எல்லாம் சுகப்பிரசவம்தானே, பிள்ளைகளுக்குக் குறையொன்றும் கிடையாதே என்று எழுதியிருந்தாள். ஷகீலா தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது பையன்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இவ்வளவும் தங்கபுஷ்பத்தின் மனதில் ஓடியதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"குழந்தை அப்போ தூங்கிட்டு இருந்துச்சு சார்" என்றாள். "அவங்க சொன்னதை எழுதினேன். படிக்காதவங்க. உதவி கிடைக்கும்னு மாத்திச் சொல்லியிருப்பாங்க."

தனபாலன் பச்சையம்மா பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றே?"

பச்சையம்மா தங்கபுஷ்பத்தின் முகத்தையே பார்த்தபடி எழுந்து, மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எழுத்து தெரிஞ்சவங்க சொல்றாங்களே சார். அப்டித்தான் இருக்கும்."

தனபாலன் அதை வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்.

தங்கபுஷ்பம் மழைத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனாள்.

"பச்சை, நில்லு. நான் என்ன செய்ய? மூத்தவ மாசமா இருக்கா..."

"எல்லாருக்கும் ஒரு மூத்தவ கீறா."

"நான் ஏதாவது பண்ணுதேன். டீச்சர்ட்ட சொல்லி வேற ஏற்பாடு..."

"இன்னாத்தக் கீயிச்சே இதுவரைக்கும்?" பச்சையம்மா கத்தவில்லை, மீன் விலை சொல்லும் குரலில் பேசினாள். "என்னைத் திருடின்னு எழுதி வாங்கிக்கினாரு. இருக்கட்டும். எம் பொண்ணுக்கு நாலு மாசம் கெடச்சுது. கேட்டுத் தண்ணி குடிக்குது. உன் பொண்ணுக்கு இன்னா கெடச்சுது?"

பல்லவன் பஸ் வந்தது. பச்சையம்மா ஏறினாள். குடையில்லாத தங்கபுஷ்பத்துக்கும் அதே பஸ்தான், அவள் ஏறவில்லை.

நவம்பரில் தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி சேர்க்கையின்போது உடற்பரிசோதனை கட்டாயம். கேள்வித்தாள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்விட்டது. மொழிபெயர்த்தவர்கள் எல்லாக் கேள்விகளிலும் பையன் என்றே வைத்திருந்தார்கள். சங்கத்தின் தொண்டுக்கு நன்றி தெரிவித்து ஒரு பத்தி இருந்தது. அதே மாதம் ஷகீலா தில்லிக் குழுவில் உறுப்பினரானாள்.

டிசம்பர் முதல் வாரம் தங்கபுஷ்பம் ஒரு புதுத் தாள் எடுத்தாள். பெயர் சீதா. பெண். தகப்பனார் சண்முகவேல், ஜவுளி வியாபாரம், ரங்கநாதன் தெரு. ஏழாவது கேள்விக்கு நேராக நூலைப் பற்றி எழுதினாள். பிறகு நான்கு வீடுகளுக்கும் போய், நீங்களும் எழுதுங்கள், ஆறு பேராகச் சேர்ந்து கேட்போம், சிறுமிகளுக்கு ஒரு வகுப்பாவது வைக்கட்டும் என்றாள். மாட வீதி மாமி கதவைப் பாதிதான் திறந்தாள். "நேக்கு அப்படி ஒரு பொண்ணே கிடையாதேடீம்மா" என்றாள். மற்ற மூன்று வீடுகளிலும் காப்பி கொடுத்தார்கள், தாளை வாங்கவில்லை. கடைசியாக நொச்சிக்குப்பம் போனாள். பச்சையம்மா படகு நிழலில் உட்கார்ந்து மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கழுத்து வரை வளர்ந்துவிட்டது.

"எம் பொண்ணு பேர இன்னொரு தபா உன் கையில குடுக்க மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சண்முகவேலிடம் தாளைக் காட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"ஏளா, இதை அனுப்பினா தூத்துக்குடிக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியட்டும்."

"மூணு வருஷத்துக்கு முன்னால சொல்லியிருந்தா நானும் தெரியட்டும்னு சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார். சொல்லியிருக்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

அவள் அனுப்பினாள். பதில் பிப்ரவரியில் வந்தது. மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு சிறுமியைக் கொண்டு முந்தைய முடிவை மாற்ற இயலாது. இது விதிவிலக்காகக் கோப்பில் வைக்கப்படுகிறது. மேலும், விண்ணப்பத்தில் கண்ட குழந்தைக்குத் தை மாதத்துடன் பதின்மூன்று வயது நிறைந்துவிட்டபடியால், இதன்மேல் நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை.